நாற்பத்தெட்டு வோல்ட்

கண்ணாடிக் கதவைச் சாத்தியதும்
காந்திபுரம் பொசுக்கென்று செத்துப்போனது.
ஹாரன் இல்லை, பேருந்துக்கு ஆள் கூப்பிடும் தொண்டை இல்லை.
அந்த அறையில் என் வளையல்தான் பெரிய சத்தம்.

மூன்று மைக்குகளை மஞ்சள் துணிமேல் வைத்தான் நியாஸ்.
'மூணும் கண்டென்சருங்கக்கா. உங்க பழசு மாதிரி இல்லீங்க.
கீழ போட்டா அழுதுரும்.'

என் பழசு அழாது.
வலைக்கூண்டு நசுங்கி, யார்யாரோ வெற்றிலை வாசம் ஏறி,
கொடுமுடியில் ஒருமுறை
அதை வைத்துப் பந்தல் முளை அடித்தோம்.
அன்றிரவே அதில் ஏழு பாட்டும் பாடினேன்.

முதல் மைக்.
எப்போதும்போல அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன்.
மிக்ஸரில் சிவப்பு விளக்கு எகிறியது;
நியாஸ் காதிலிருந்ததைப் பிய்த்துப் போட்டான்.
'இத்தனை வேண்டாமுங்கக்கா.
பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி.'

பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் பேசியதில்லை தம்பி.
பதினேழு வருஷம் சோமனூரில் எட்டுத் தறி ஓட்டினேன்.
நாடா பறக்கும் கூடத்தில்
தார் தீர்ந்துபோச்சு என்பதையே கத்தித்தான் சொல்லோணும்.
கல்யாணத்துக்குச் சம்மதம் என்றுகூட
கத்தித்தான் சொன்னேன்,
ரெண்டு தடவை.

இரண்டாவது மைக்.
மெதுவாகப் பாடத் தெரியாமல்
வெறுமனே மூச்சு விட்டேன்.
அதையும் எடுத்துக்கொண்டது.
ஹெட்போனுக்குள்
உதடு பிரியும் ஒட்டல்,
கிணற்றில் வாளி இறங்குவதுபோல எச்சில் விழுங்கியது,
பஞ்சு குடித்த நெஞ்சில்
பாவு இழை ஒன்று அறுந்து தொங்கும் சின்னக் கீறல்.
இத்தனை வருஷ மேடையில்
ஒருத்தருக்கும் காட்டாமல் வைத்திருந்தது.

பிறகு ஒரு வரி பாடினேன்.
பல்லவி இல்லை, சரணத்தின் வால்.
அந்தப் பொம்பளையை எனக்கு முன்பின் தெரியாது.
நியாஸ் ஒன்றும் சொல்லவில்லை,
விலைச்சீட்டை மட்டும் குப்புறத் திருப்பிப் போட்டான்.

மூன்றாவதில் 'ச' எல்லாம் சீறியது. வேண்டாமென்றேன்.

திருமூர்த்திக்குப் போன் போட்டால்
எங்கள் சவுண்டுக்காரன் வாய் ஓயவில்லை:
'அக்கா, நம்ம மிக்ஸர்ல பேண்டம் பட்டனை
மூணு வருஷமா ஒருத்தனும் அமுக்கல. கரண்டு வருதான்னே தெரியாது.
சாரல் அடிச்சா சோலி முடிஞ்சுது.
டிரம்ஸ்காரன் அடிக்கறது பூராவும் உங்க மைக்குலதான் விழுகும்.
மானிட்டரை எங்க வெக்கோணும்னு நாம் புதுசாப் படிக்கோணும்.'
அத்தனையும் நெசம்.
அத்தனையும் கேட்டுக்கொண்டே
சீட்டுத் தள்ளி எடுத்த பணத்தை எண்ணினேன்.
பதினெட்டாயிரத்துச் சொச்சம்.
சொச்சத்தை நியாஸ் விட்டுக்கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாமளாபுரத்துப் பக்கம் மாரியம்மன் பொங்கல்.
மேடையை ஒரு தறிக்கூடத்தின் சுவரோரம் போட்டிருந்தார்கள்.
கம்பம் சுற்றி ஆடிய கூட்டம்
இளநீரும் ஐஸுமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.
திருமூர்த்தி பட்டனை அமுக்கினான்,
சாமி கும்பிடுகிறவன்போல ஒரு கண்ணை மூடி.

வந்தது.

சும்மா சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
'அக்கா, என்னமோ இரையுது, ஜெனரேட்டரா?'
இல்லை.
கண்ணை மூடினேன்.
ஆறு தறி ஓடுகிறது, ரெண்டு நிற்கிறது.
ஓடுவதில் ஒன்றுக்கு
அடிகட்டை தளர்ந்திருக்கிறது,
இன்னும் கால்மணி நேரத்தில் நாடா எகிறி
யார் மேலாவது விழும்.

மைக்கை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.
'யாராச்சும் போய்ச் சொல்லுங்க,
கடைசித் தறியை நிறுத்தச் சொல்லி.'
கத்தவில்லை.
பஞ்சுமிட்டாய் வண்டிக்கு அந்தப் பக்கம்,
கடைசி வரிசையில்,
ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.